அரசாங்கம் என் காப்புரிமையைப் பயன்படுத்தினால் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் சொந்தமாக ஏதாவது கண்டுபிடித்து விற்பவர்களிடமும், அமைச்சுகளின் டெண்டர்களுக்கு விலைமனுக் கொடுப்பவர்களிடமும், மருந்து இறக்குமதி செய்பவர்களிடமும் ஒரே கவலை திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்துக் கடைக்காரர் என் கண்டுபிடிப்பை எடுத்தால் வழக்குப் போடலாம், அரசாங்கமே எடுத்தால் யாரிடம் போவது என்பதுதான் அந்தக் கவலை. கீழே உள்ள பதில்கள் பொதுவான விளக்கங்கள். உங்கள் கோப்பைப் பார்த்த சட்டத்தரணியின் ஆலோசனைக்கு இவை ஈடாகா.

சட்டம் அரசுக்கும் தனியாருக்கும் ஒன்றா, வேறா?

உரிமை ஒன்றுதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தக் காலத்தில் உரிமையாளரின் சம்மதமின்றி அந்தப் பொருளைச் செய்யவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. திணைக்களம் என்றாலும் தனியார் கம்பனி என்றாலும் தொடங்குமிடம் இதுதான்.

வேறுபாடு சம்மதம் கிடைக்காதபோதுதான் தெரியவரும். தனியார் நிறுவனம் உங்களிடம் கேட்க வேண்டும், நீங்கள் மறுத்தால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அரசுக்கோ, உங்கள் மறுப்பைத் தாண்டிப் போக ஒரு சட்ட வழி இருக்கிறது. அந்த வழியால் போனால் அது பணம் கொடுத்தே ஆக வேண்டும். தனியாரை நீங்கள் நிறுத்தலாம். அரசிடம், பெரும்பாலும், விலையைத்தான் கேட்கலாம்.

இந்த வழி இருப்பது நியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாட்டின் மருத்துவமனைகள் ஒருவருடைய “முடியாது” என்ற சொல்லுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் அந்த நியாயம் பணம் உண்மையாகவும் காலத்தோடும் கொடுக்கப்படும்போதுதான் நிற்கும்.

தனியார் நிறுவனம் மீறினால் எங்கே போவது?

புதுக்கடையிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு. தடையுத்தரவு கேட்கலாம், நட்டஈடு கேட்கலாம். மீறுபவர் வியாபாரி என்பதால் தடையுத்தரவுதான் அவரைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவரும் ஆயுதம். பல தகராறுகள் வழக்கு முடியும் முன்பே உரிமக் கட்டணத்தில் தீர்வதற்கு அதுவே காரணம்.

அரசுக்கு இருக்கும் அந்த “வழி” சரியாக எது?

சட்டத்தின் 86ஆம் பிரிவு. பொதுநலன் வேண்டி நின்றால், குறிப்பாகத் தேசிய பாதுகாப்பு, போஷாக்கு, சுகாதாரம், சூழல் பாதுகாப்பு, நாட்டுப் பொருளாதாரத்தின் முக்கிய துறைகளின் அபிவிருத்தி போன்ற காரணங்களுக்காக, உரிமையாளரின் உடன்பாடு இல்லாமலே ஓர் அரச நிறுவனமோ அரசால் அதிகாரமளிக்கப்பட்ட வேறொருவரோ அந்தக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்த புலமைச் சொத்துப் பணிப்பாளர் நாயகம் இடமளிக்கலாம். அவருடைய அலுவலகம் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள சமாகம் மெதுர கட்டடத்தில் இருக்கிறது.

இது இலங்கை தானாகக் கண்டுபிடித்த வழி அல்ல. உலக வர்த்தக அமைப்பின் புலமைச் சொத்து ஒப்பந்தமான டிரிப்ஸின் 31ஆம் உறுப்புரை உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் இதை அனுமதிக்கிறது. தனியார் ஒருவருக்குக் கட்டாய உரிமம் (உரிமையாளரின் சம்மதமின்றிப் பயன்படுத்தும் அனுமதி) கொடுப்பதென்றால் முதலில் உரிமையாளரிடம் நியாயமான நிபந்தனைகளில் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். தேசிய அவசரநிலையிலும், இலாப நோக்கமற்ற அரச பயன்பாட்டிலும் அந்தப் படியைத் தாண்டிவிடலாம். ஆனால் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும், போதிய ஊதியம் கொடுக்க வேண்டும், அந்த முடிவை மேலாய்வு செய்ய ஓர் அமைப்பு இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் விலக்கு இல்லை.

ஒரு திணைக்களம் இந்த வழியால் போகாமல், ஒருவரிடமும் சொல்லாமல் பயன்படுத்தினால், 86ஆம் பிரிவின் நிழல் அதற்குக் கிடையாது. நடைமுறையில் சிறு கண்டுபிடிப்பாளர்களைக் காயப்படுத்துவது பெரும்பாலும் இந்த மௌனப் பயன்பாடுதான். உத்தரவும் இல்லை, அறிவித்தலும் இல்லை. கேட்டால் “அரச வேலைதானே” என்ற பதில் வருகிறது. அது சட்டப் பதில் அல்ல.

ஒரு காலத்தில் அரசு பணமே கொடுக்கத் தேவையில்லை என்பது உண்மையா?

உண்மை. இங்கிலாந்தில் காப்புரிமை முடியரசின், அதாவது அரசர் பெயரால் நடக்கும் அரசின், அருளாக வழங்கப்பட்டது. அருளைக் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தாது என்பதே அக்காலத்து நிலைப்பாடு. 1865இல் ஃபெதர் என்ற கண்டுபிடிப்பாளர், தன் கப்பல் கட்டும் முறையை அரச கடற்படை பயன்படுத்தியதாக வழக்காடித் தோற்றார். முடியரசு விரும்பியபடி பயன்படுத்தலாம், கட்டணமும் இல்லை என்றது நீதிமன்றம். 1883ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த நிலையை மாற்றி முடியரசையும் காப்புரிமைக்குக் கட்டுப்படுத்தியது. கூடவே, கட்டணத்துடன் பயன்படுத்தும் சிறப்பு அதிகாரத்தையும் வைத்துக்கொண்டது. இன்றைய பிரித்தானியச் சட்டத்தின் “முடியரசுப் பயன்பாடு” அங்கிருந்து வளர்ந்ததுதான்.

அமெரிக்காவில் 1910இல் ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசு உங்கள் காப்புரிமையைப் பயன்படுத்தினால் நீங்கள் அதைத் தடுக்க முடியாது. ஆனால் தனி நீதிமன்றமொன்றில் நியாயமான இழப்பீடு கேட்கலாம். இன்றும் அதுதான் அங்கே வழி. மாநில அரசுகளின் கதை வேறு. 1999இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், மாநிலங்களை அவற்றின் சம்மதமின்றி காப்புரிமை வழக்குக்கு இழுக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் செல்லாது என்றது.

நம் நாட்டில் காலனித்துவக் காலத்து 1906ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 1979 வரை இருந்தது. பிறகு அந்த ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவையும், அதன்பின் இன்றைய 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன.

அரசுக்கு எதிராகத் தடையுத்தரவு கிடைக்குமா?

எதிர்பார்க்காதீர்கள். சட்டங்களை எப்படிப் பொருள்கொள்வது என்று சொல்லும் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அரசுக்கோ அமைச்சருக்கோ எதிராக, சட்டம் வழங்கிய அதிகாரத்தின் கீழ் செய்யும் செயல்களுக்குத் தடையுத்தரவு வழங்குவதைத் தடுக்கிறது. டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 44ஆம் உறுப்புரையும், முறைப்படி அனுமதிக்கப்பட்ட அரச பயன்பாட்டில் பரிகாரத்தைப் பணத்தோடு நிறுத்திக்கொள்ள நாடுகளுக்கு இடம் தருகிறது.

பணத்துக்கு வழக்குப் போடுவது வேறு விஷயம். அது முடியும். அரசுக்கு எதிரான வழக்கில் எதிராளியாகச் சட்டமா அதிபரைப் பெயரிட வேண்டும், அதற்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 456, 461 பிரிவுகள் இவற்றைச் சொல்கின்றன. அந்த ஒரு மாத அறிவித்தலைத் தவறவிட்டதால் விழுந்த நல்ல வழக்குகள் உண்டு என்பதால் இதைக் கோடிட்டு வைக்கிறேன்.

“போதிய ஊதியம்” என்றால் எவ்வளவு?

சூத்திரம் கிடையாது. அனுமதியின் பொருளாதாரப் பெறுமதியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மட்டுமே டிரிப்ஸ் சொல்கிறது. நாடுகள் கொடுத்ததைப் பார்த்தால் வீச்சு புரியும். தாய்லாந்து எச்.ஐ.வி. மருந்துக்கு 2006இல் அரச பயன்பாட்டை அறிவித்தபோது வைத்த வீதம் விற்பனைப் பெறுமதியில் 0.5 சதவீதம். பிரேசில் 2007இல் 1.5 சதவீதம். மலேசியா 2003இல் 4 சதவீதம். இந்தியாவில் 2012இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ என்ற தனியார் கம்பனிக்குக் கட்டாய உரிமம் கொடுத்தபோது முதலில் 6, மேன்முறையீட்டில் 7 சதவீதம்.

மருந்தில் இந்த வீதங்கள் குறைவாக இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். மறுபக்கம் நோயாளி இருக்கிறார். ஆனால் ஓர் அமைச்சு நீர்ப்பாசனக் குழாய்க்கான இணைப்பியைப் பல்லாயிரக் கணக்கில் வாங்கும்போது 0.5 சதவீதத்தை அளவுகோலாகக் காட்டுவது சரியல்ல. அப்படியான பொருளுக்கு, தனியார் ஒருவர் மனமுவந்து கொடுத்திருக்கக்கூடிய உரிமக் கட்டணமே அடிப்படையாக வேண்டும்.

நான் காப்புரிமை உரிமையாளர் அல்ல, டெண்டர் எடுப்பவர். அரசுக்காகச் செய்தால் எனக்கும் பாதுகாப்பு உண்டா?

இந்தக் கேள்விதான் இந்தப் பக்கத்தில் அதிகப் பணத்தைத் தொடுவது. தயவுசெய்து பொறுமையாக வாசியுங்கள்.

அரசுக்குச் சரக்குக் கொடுப்பதால் மட்டும் நீங்கள் அரசு ஆகிவிட மாட்டீர்கள். 1876இல் இங்கிலாந்தில் ஒரு துப்பாக்கிக் கம்பனி போர் அமைச்சுக்காகத் துப்பாக்கிகள் செய்தது. காப்புரிமை உரிமையாளர் வழக்குப் போட, கம்பனி “முடியரசுக்காகத்தான் செய்தோம்” என்றது. அந்நாட்டின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. முடியரசின் ஊழியருக்கு இருந்த பாதுகாப்பு தன் இலாபத்துக்காகச் செய்யும் ஒப்பந்தகாரருக்குக் கிடைக்காது என்றது.

அமெரிக்காவில் முதல் உலகப் போரின்போது இதே பயத்தில் கடற்படைக்குச் சரக்குச் செய்யக் கம்பனிகள் தயங்கின. 1918இல் சட்டத்தைத் திருத்தி, அரசின் அதிகாரத்தோடும் சம்மதத்தோடும் செய்யும் ஒப்பந்தகாரருக்கும் கவசம் கொடுத்தார்கள். உரிமையாளர் ஒப்பந்தகாரரை விட்டு அரசிடம்தான் இழப்பீடு கேட்க வேண்டும். இலங்கையில் அப்படியான பொதுக் கவசம் சட்டத்தில் இல்லை. 86ஆம் பிரிவின் கீழ் “அதிகாரமளிக்கப்பட்ட ஆள்” என்று உங்கள் பெயரில் ஓர் உத்தரவு இருந்தால் மட்டுமே நீங்கள் அந்தக் குடையின் கீழ் வருவீர்கள்.

இப்போது டெண்டரின் கேள்விப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பொது நிபந்தனைகளில், வரி, காப்புறுதி, பொதி என்று நீளும் வாசகங்களுக்கு நடுவே, புலமைச் சொத்து ஈட்டுறுதி என்று ஒரு பந்தி இருக்கும். உலக வங்கியின் மாதிரி ஆவணங்களில் இது நிலையான வாசகம். நம் அரச கொள்வனவிலும் அதே பாணியைக் காணலாம். வழங்கப்படும் பொருள் யாருடைய காப்புரிமையையாவது மீறுவதாக வழக்கு வந்தால், அதன் செலவு, நட்டஈடு, சட்டத்தரணிக் கட்டணம் எல்லாவற்றிலிருந்தும் கொள்வனவாளரை வழங்குநர் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது அரசுக்கு எதிராக வரும் கோரிக்கையும் உங்கள் தலையில் விழுகிறது. விலையைக் குறைப்பதற்கு இரவெல்லாம் கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பந்தியை ஒரு முறையும் வாசிப்பதில்லை.

என்ன செய்யலாம்? விலைமனுவுக்கு முந்திய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். விவரக்குறிப்பு ஒரே ஒரு வடிவமைப்பை வற்புறுத்தினால், அந்த வடிவமைப்புக்கு இலங்கையில் நடப்பிலுள்ள காப்புரிமை உண்டா, உண்டென்றால் பொறுப்பு யாருக்கு என்று கேளுங்கள். கொள்வனவாளர் தந்த வரைபடத்தின்படி செய்ததால் எழும் மீறலுக்கு வழங்குநர் பொறுப்பல்ல என்ற விலக்கு பல மாதிரி ஆவணங்களில் இருக்கிறது. உங்கள் ஆவணத்தில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். காப்புரிமைப் பதிவேட்டைத் தேடிய அறிக்கையைக் கோப்பில் வையுங்கள்.

வெளிநாட்டில் காப்புரிமை உள்ள பொருளை இங்கே அரசோ நானோ செய்தால்?

காப்புரிமை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் மட்டும் பதிவான காப்புரிமைக்கு மருதானையில் வலு இல்லை. ஆனால் பதிவேட்டில் இன்று இல்லை என்பதோடு நிம்மதியடையாதீர்கள். இலங்கை 1982 முதல் சர்வதேசக் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இருக்கிறது. வெளிநாட்டவர் தம் முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து 30 மாதம் வரை இங்கே வந்து விண்ணப்பிக்கலாம்.

மருந்துத் தட்டுப்பாட்டின்போது அரசு ஏன் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதில்லை?

பெரும்பாலான மருந்துகளில் காப்புரிமை தடையே அல்ல, அவற்றின் காலம் முடிந்துவிட்டது என்பது பதிலின் முதற்பாதி. 2022இல் மருத்துவமனைகளில் மருந்து இல்லாமல் போனதற்குக் காரணம் அந்நியச் செலாவணி.

மறுபாதி, புதிய விலையுயர்ந்த மருந்துகள். இங்கே அச்சத்தை விட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2001 நவம்பர் 14இல் டோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து, பொதுச் சுகாதாரத்தைக் காக்க எடுக்கும் நடவடிக்கையை டிரிப்ஸ் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது என்று அறிவித்தன. மலேசியா 2003இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்கும் 2017இல் ஹெபடைடிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிருக்கும் அரச பயன்பாட்டை எடுத்தது. 2020 மார்ச்சில் இஸ்ரேல் கோவிட்டுக்கு உதவலாம் என்று நம்பப்பட்ட ஒரு மருந்துக்கு எடுத்தது. சில நாட்களில் உரிமையாளர் கம்பனி அந்தக் காப்புரிமைகளை வற்புறுத்துவதில்லை என்று அறிவித்தது. அதிகாரத்தை எடுக்கத் தயார் என்று காட்டுவதே சில வேளை போதும். 2001இல் அந்த்ராக்ஸ் அச்சத்தின்போது அமெரிக்கச் சுகாதாரச் செயலாளர் அப்படிப் பேசியதும், பேயர் கம்பனி அரசுக்கான சிப்ரோ மாத்திரையின் விலையை 1.77 டொலரிலிருந்து 95 சதத்துக்கு இறக்கியது. அறிவுரை வேறு நாடுகளுக்கு, நடைமுறை தனக்கு என்று அமெரிக்கா நடந்துகொண்டதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

விலை கொடுக்கவும் நேரிடும். தாய்லாந்தின் முடிவுக்குப் பின் 2007இல் அபொட் கம்பனி அங்கே பதிவுக்குக் கொடுத்திருந்த புதிய மருந்துகளை மீளப் பெற்றது.

இலங்கைக்கு இதில் ஒரு பெருமையான பரம்பரை உண்டு. 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் தலைமையில் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், வணிகப் பெயர்களை விட்டு மருந்தின் பொதுப் பெயரில் மொத்தமாகக் கேள்வி கோரி, விலையை இறக்கிக் காட்டியது. அது காப்புரிமையை மீறிச் செய்த வேலை அல்ல, மொத்தமாக வாங்குபவருக்கு இருக்கும் பலத்தைக் கொண்டு செய்த வேலை. அந்த மரபு உள்ள நாடு 86ஆம் பிரிவை அலுமாரிக்குள் வைத்திருப்பது எனக்கு வருத்தம்.

நாமே செய்ய முடியாத மருந்தென்றால்? வேறு நாட்டில் கட்டாய உரிமத்தின் கீழ் செய்து நமக்கு ஏற்றுமதி செய்ய இடமளிக்கும், டிரிப்ஸின் 31ஆம் உறுப்புரையின் துணை உறுப்புரை 2017 ஜனவரி 23 முதல் நடப்பில் இருக்கிறது.

கூட்டுத்தாபனமும் அதிகாரசபையும் “அரசு” தானா?

பெயரைவிட வேலையைப் பாருங்கள். அரச மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்கும் மருந்து, இலாப நோக்கமற்ற அரச பயன்பாடு. பிரித்தானியாவில் 1965இல் அரச மருத்துவமனைகளுக்கு இத்தாலியிலிருந்து டெட்ராசைக்ளின் இறக்குமதி செய்ததை “முடியரசின் சேவை” என்று பிரபுக்கள் சபை ஏற்றது. அதே மருந்தை ஓர் அரச நிறுவனம் கடைத்தெருவில் தனியாரோடு போட்டியிட்டு விற்றால், “இலாப நோக்கமற்றது” என்ற வாதம் பலவீனமாகிவிடும். அந்த இடத்தில் முன்கூட்டிய பேச்சுவார்த்தை வேண்டும் என்று உரிமையாளர் வாதிடலாம், அந்த வாதம் வலுவானது என்பது என் கருத்து.

அரசு தானே காப்புரிமை எடுக்கலாமா?

எடுக்கலாம். பல்கலைக்கழகங்களும் அரச ஆய்வு நிறுவனங்களும் எல்லோரையும் போல விண்ணப்பிக்கின்றன. புதுமை, கண்டுபிடிப்புப் படி (துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாத முன்னேற்றம்), கைத்தொழிலில் பயன்படும் தன்மை என்ற அதே மூன்று சோதனை அவற்றுக்கும் உண்டு.

நான் அரச ஊழியர். என் கண்டுபிடிப்பு யாருக்கு?

ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாவிட்டால், உங்கள் வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு வேலைகொள்வோருக்கு உரியது. தனியார் துறையிலும் அப்படியே. எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய பெறுமதி அதற்கு வந்தால், நியாயமான ஊதியம் கேட்க உங்களுக்கு இடமுண்டு. நியமனக் கடிதத்தோடு வரும் இணைப்புகளையும் வாசியுங்கள்.

அரசு என் காப்புரிமையைச் செல்லாததாக்கக் கேட்க முடியுமா?

அமெரிக்காவில் சுவையான ஒரு வழக்கு நடந்தது. சேராத கடிதங்களைக் கையாளும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த ஒரு கம்பனியின் உரிமையை அந்நாட்டு அஞ்சல் சேவை காப்புரிமை அலுவலகத்தின் ஒரு சிறப்பு நடைமுறையில் எதிர்த்தது. அந்த நடைமுறையைத் தொடங்கச் சட்டம் “ஆள்” ஒருவருக்கே இடம் கொடுக்கிறது, மத்திய அரசு அந்த “ஆள்” அல்ல என்று 2019இல் உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் தன்மேல் வரும் வழக்கில் காப்புரிமை செல்லாது என்று வாதிட அரசுக்குத் தடையில்லை.

பாதுகாப்புக் காரணம் சொல்லி என் விண்ணப்பத்தை மறைக்கலாமா?

சில நாடுகளில் சட்டமே உண்டு. அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டின் இரகசியச் சட்டம் விண்ணப்பத்தை வெளியிடாமல் நிறுத்தும். இயற்பியலாளர் லியோ சிலார்ட் அணுச் சங்கிலி வினைக்கு 1934இல் விண்ணப்பித்து, அது வெளியே வரக் கூடாதென்று 1936இல் தானே பிரித்தானியக் கடற்படை அமைச்சுக்கு ஒப்படைத்தார்.

கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பலில் என் காப்புரிமைக்குரிய கருவி இருந்தால்?

தற்காலிகமாக வந்து போகும் கப்பலின் தேவைக்கு மட்டும் அது பயன்பட்டால் மீறல் அல்ல. காப்புரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கையான பாரிஸ் சாசனத்தின் விதி இது. இலங்கை அதில் 1952 முதல் உறுப்பினர்.

என் கண்டுபிடிப்பை அமைச்சில் காட்டப் போகிறேன். எதைச் செய்துவிட்டுப் போக வேண்டும்?

முதலில் விண்ணப்பியுங்கள், பிறகு காட்டுங்கள். விண்ணப்பத்துக்கு முன் வெளியிட்டால் ஐரோப்பா போன்ற இடங்களில் புதுமை போய்விடும். இங்கே விண்ணப்பித்த திகதியிலிருந்து 12 மாதங்களுக்குள் வேறு நாடுகளில் விண்ணப்பித்தால், அதே திகதியின் முன்னுரிமை கிடைக்கும்.

கூட்டத்துக்குப் போகும்போது விண்ணப்ப இலக்கத்தை முதல் பக்கத்தில் அச்சிட்ட ஒரு குறிப்பைக் கொடுங்கள். அதன் இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் திகதி முத்திரையும் வாங்குங்கள். யார் யார் அறையில் இருந்தார்கள் என்பதை அன்றே எழுதி, நன்றிக் கடிதமாக அவர்களுக்கே அனுப்புங்கள். மாதிரிப் பொருளை விட்டுவிட்டு வர வேண்டாம். விட்டே ஆக வேண்டுமென்றால் பரிசோதனைக்கு மட்டும் என்று எழுதிய பற்றுச்சீட்டோடு விடுங்கள். சில மாதங்களில் ஒரு கேள்விப்பத்திரத்தில் உங்கள் அளவுகளும் உங்கள் சொற்களும் விவரக்குறிப்பாக வெளிவந்தால், அந்தக் கையொப்பமிட்ட பிரதியும் பற்றுச்சீட்டும் சட்டமா அதிபருக்கான உங்கள் அறிவித்தலின் முதல் இணைப்புகளாகும்.